படி ஏறுவதா, இறங்குவதா, நிற்பதா: எந்தத் தசைப் பயிற்சி யாருக்கு?

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார் ஒருவர். ஏறுவதெல்லாம் பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் படி ஒன்றுதான், வேலை செய்யும் முன்தொடைத் தசையும் ஒன்றுதான். ஏறும்போது அந்தத் தசை குறுகிக்கொண்டே உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடலைத் தாங்கி மெல்ல விடுகிறது. எதிரே ஆள் வர, முட்டி மடங்கிய நிலையிலேயே நடுப்படியில் நின்றுவிட்டால், குறுகாமலும் நீளாமலும் இழுத்துப் பிடித்தபடி இருக்கிறது. தசைச் சுருக்கத்தை வைத்துப் பயிற்சிகளைப் பிரிப்பது என்பது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான். மெஷின் இருந்தால் மட்டுமே நடக்கும் நான்காவது ஒன்றும் உண்டு.

ஜிம்மா, யோகாவா, வாக்கிங் போதுமா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம், அந்தப் பெயர்களுக்குள் எந்தச் சுருக்கம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்லாததுதான். யோகாசனத்தில் பெரும்பகுதி பிடித்து நிற்பது. ஜிம்மில் மூன்றும் நடக்கும், ஆனால் பலர் எடையைத் தூக்குவதோடு வேலை முடிந்தது என்று நினைத்து அதைக் கீழே போட்டுவிடுவார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி எத்தனை சுற்று நடந்தாலும் தரை தட்டையாகவே இருப்பதால், நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்லது நடக்கும். தொடைக்குப் பளு ஏறாது. கடலூரிலும் கேப்பர் மலைப் பக்கத்தை விட்டால் மேடு என்று சொல்ல அதிகமில்லை. மலையூர்க்காரர்களுக்குச் சரிவில் இறங்கும் வேலை தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கு அதைத் தேடித்தான் செய்ய வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதை மனதில் வைத்துத்தான்.

பெயர்களும் அவற்றின் கணக்கும்

பிசியோதெரபிஸ்ட் சீட்டில் ஐசோமெட்ரிக் என்று எழுதினால் அது சமநீளச் சுருக்கம்: மூட்டு அசையாது, தசை இறுகும். ஐசோடோனிக் என்றால் மூட்டு அசையும். அதில் தசை குறுகும் பாதி கான்சென்ட்ரிக், நீளும் பாதி எக்சென்ட்ரிக். ஐசோகைனட்டிக் என்றால் மூட்டு அசையும் வேகத்தை மெஷின் கட்டுப்படுத்தும். இந்தக் கட்டுரையில் ஐசோமெட்ரிக்கைப் பிடிப்பு, கான்சென்ட்ரிக்கை ஏற்றம், எக்சென்ட்ரிக்கை இறக்கம் என்றே சொல்லிப் போகலாம். வாயில் நுழைவதும் சுலபம், என்ன நடக்கிறது என்பதும் உடனே தெரியும்.

ஐசோடோனிக் என்ற சொல்லுக்கே 'மாறாத இழுவிசை' என்றுதான் பொருள். உண்மையில் இழுவிசை மாறாமல் இருப்பதில்லை. 5 கிலோ டம்பெல்லை முழங்கையை மடக்கித் தூக்கிப் பாருங்கள். முன்கை தரைக்குக் கிடையாக வரும் இடத்தில்தான் அது மிகவும் கனக்கும், தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் லேசாகிவிடும். எடை மாறவில்லை, நெம்புகோலின் நீளம் மாறுகிறது. பழைய பெயர் என்பதால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

விசையில் மூன்றும் சமம் கிடையாது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ.வி.ஹில் 1938-இல் தவளைத் தசையை வைத்துக் காட்டியது இது: தசை எவ்வளவு வேகமாகக் குறுகுகிறதோ அவ்வளவு குறைவான விசையைத்தான் அதனால் தர முடியும். அசையாமல் பிடிக்கும்போது விசை அதைவிடக் கூடும். எதிர்த்துக்கொண்டே நீளும்போது இன்னும் கூடும். பிடிப்பைவிட 20 முதல் 50 சதவீதம் வரை அதிகம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தலைக்கு மேல் தூக்க முடியாத மூட்டையைப் பரணிலிருந்து இறக்கிவிட முடிவது இதனால்தான்.

செலவிலோ இது தலைகீழ். 1952-இல் இங்கிலாந்தில் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினில் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்தச் சுழற்சியை எதிர்த்துத் தாங்க வேண்டும். இரண்டு பேர் காலிலும் விசை சமம், ஆனால் தாங்கியவருக்குச் செலவான ஆக்சிஜன் மிதித்தவருக்கு ஆனதைவிட மிகக் குறைவு. படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் இறங்கும்போது முட்டி வலிப்பதும் இப்போது விளங்கியிருக்கும். ஏற்றத்தில் விலை மூச்சு. இறக்கத்தில் விலை மூட்டும் தசைநாரும்.

பிடிப்பு: பிரஷர்காரர்களுக்கு ஆகாது என்றவர்களுக்கு வந்த திருப்பம்

அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரை. அதில் பாதி உண்மை. முழு பலத்தோடு இறுக்கும்போது தசைக்குள் ரத்தக் குழாய்கள் நசுங்கி அழுத்தம் எகிறுகிறது, மூச்சையும் அடக்கினால் இன்னும் எகிறுகிறது. ஆனால் மிதமான பலத்தில், மூச்சு விட்டுக்கொண்டே, வாரக்கணக்கில் செய்தால் ஓய்வு நேர அழுத்தம் இறங்குகிறது. 2023-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 15,827 பேர் பங்கேற்ற 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மேல் அழுத்தம் நடை, ஓட்டம் போன்றவற்றில் சராசரியாகச் சுமார் 4.5 மி.மீ. இறங்கியது. எடைப் பயிற்சியிலும் அதே அளவுதான். பிடிப்புப் பயிற்சியில் 8 மி.மீ.க்கும் மேல். அதிலும் மேல் அழுத்தத்துக்கு முன்னணியில் வந்தது சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி. காசு செலவில்லை, இடம் ஒரு சுவர் அளவு, நேரம் கால் மணிக்கும் குறைவு.

செய்முறை இது. சுவரில் முதுகை முழுதும் ஒட்டி, பாதங்களைச் சுவரிலிருந்து சுமார் 2 அடி முன்னே, தோள் அகலத்தில் வைத்து நில்லுங்கள். முதுகு வழுக்கியபடி இறங்கி, தொடை சரிவாக இருக்கும் உயரத்திலேயே நிறுத்துங்கள். படங்களில் காட்டுவதுபோல் நாற்காலி மாதிரி 90 பாகைக்குப் போக வேண்டாம். முட்டிக்குப் பின்னால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடைப்பட்ட கோணம் 130 பாகை அளவுக்கு விரிந்தே இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். 2 நிமிடம் பிடித்து, 2 நிமிடம் ஓய்வு. இப்படி 4 முறை. மொத்தம் 14 நிமிடம், வாரத்துக்கு 3 நாள். இரண்டு நிமிடத்தின் கடைசி அரை நிமிடத்தில் தொடை எரிய வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். நான்காவது முறையும் சுலபமாக முடிந்தால் அடுத்த வாரம் இரண்டு அங்குலம் கீழே இறங்கலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூச்சில்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் தன்னை அறியாமல் மூச்சை அடக்குவார். வாய்விட்டு எண்ணச் சொன்னால் போதும், எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் முடியாது. அடுத்தது தரை. மொசைக்கும் டைல்ஸும் போட்ட வீடுகளில் காலுறையோடோ, துடைத்த ஈரம் காயாத தரையிலோ இதைச் செய்தால் பாதம் முன்னே வழுக்கும். வெறுங்காலோடு, உலர்ந்த தரையில் செய்யுங்கள். எழும்போது கையைத் தொடையில் ஊன்றி நிதானமாக எழ வேண்டும். பிடித்து முடித்த மறுகணம் விறைப்பாக நிமிர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

யார் செய்யக் கூடாது? அன்றைக்கு அழுத்தம் 180/110-ஐ எட்டியவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், மகாதமனியில் வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், சுகரால் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள். குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இறங்குகிறது என்பதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்துவதும் கூடாது.

பிடிப்பின் இரண்டாவது பெரிய பயன், வலிக்கும் மூட்டை அசைக்காமலே தசையைக் காப்பாற்றுவது. முட்டித் தேய்மானம் உள்ளவர், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர், மாவுக்கட்டில் இருப்பவர் எல்லோருக்கும் முதல் நாளே கொடுக்கப்படும் பயிற்சி இதுதான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை முட்டியால் கீழே அழுத்த வேண்டும். 5 முதல் 10 விநாடி பிடித்து விட வேண்டும். 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முன்தொடையைக் கையால் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாமல் முட்டி மட்டும் அசைந்தால், இடுப்பால் தள்ளுகிறீர்கள் என்று பொருள்.

குறை என்ன? எந்தக் கோணத்தில் பிடிக்கிறோமோ, அதற்கு இருபுறமும் 20 பாகை அளவுக்குத்தான் வலிமை கூடுகிறது. சுவரில் ஒரே உயரத்தில் மட்டும் உட்கார்ந்து பழகியவர் சம்மணமிட்ட நிலையிலிருந்து எழும்போது தடுமாறுவார். தீர்வு, கொஞ்சம் மடக்கி, பாதி மடக்கி, நன்றாக மடக்கி என மூன்று கோணங்களில் பிடிப்பது. தசை நீண்டிருக்கும் நிலையில் பிடித்தால் பலன் கூடுதல் தூரம் பரவும். 1953-இல் ஜெர்மனியில் ஹெட்டிங்கர், முல்லர் இருவரும் நாளைக்கு ஒரே ஒரு முறை 6 விநாடி பிடித்தால் வாரத்துக்கு 5 சதவீதம் வலிமை கூடும் என்று எழுதியதும், உலகம் முழுக்க இதற்கு ஒரு மோகம் கிளம்பியது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த 5 சதவீதம் கிடைக்கவில்லை. '6 விநாடியில் உடற்கட்டு' என்று இன்றைக்கும் போனில் வரும் வீடியோக்களின் தாத்தா அதுதான்.

ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தது: வீட்டுக்கும் ஜிம்முக்கும் பொதுவானது

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, டம்பெல், ரப்பர் பேண்ட் எல்லாம் இந்த வகை. பெரிய தசைகள் அசைந்து வேலை செய்யும்போது அவை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், சுகர்காரர்களுக்கு நடையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, பெரிய தசைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வாரத்தில் 2 நாளாவது வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நம்மூரில் முதல் பாதியைச் செய்பவர்கள் நிறைய. இரண்டாவது பாதியைச் செய்பவர்களைத் தேட வேண்டும்.

அளவு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 8 முதல் 12 முறை தூக்க முடிந்து, கடைசி இரண்டும் சிரமமாக இருக்கும் எடை சரியான எடை. 2 அல்லது 3 சுற்று. அதே தசைக்கு அடுத்த முறை வேலை கொடுக்க 48 மணி நேரம் இடைவெளி. 12-க்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு தூக்க முடிகிறது என்றால் எடையை 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம். இப்படிப் படிப்படியாக ஏற்றும் முறையை 1945-இல் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் அடிபட்டு வந்த வீரர்களின் முட்டிக்காகத்தான் எழுதினார். எடை வாங்கக் காசு இல்லாதவருக்கு 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, அரிசிப் பை 5 கிலோ. 20 லிட்டர் கேனை மட்டும் முதல் மாதம் தொட வேண்டாம். கைப்பிடி கிடையாது, நீர் அலம்பும், முதுகு பிடித்துக்கொள்ளும்.

60 வயதைத் தாண்டியவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்றே பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் ஆபத்து அதிகம். பயிற்சியும் அதேதான், சோதனையும் அதேதான். நாற்காலி சுவரில் முட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவர்கள் வீணடிப்பது இறங்கும் பாதியை. எழும்போது ஒரு விநாடி, உட்காரும்போது தொப்பென்று விழுவது. அங்கே இறக்கம் முழுதும் போய்விட்டது, இடுப்பெலும்புக்கு அடி மட்டும் மிச்சம். உட்கார மூன்று விநாடி எடுத்துக்கொண்டால் அதே பத்து முறைக்குக் கூலி கூடும், எடை கூட்ட வேண்டியதே இல்லை.

இறக்கம்: மலிவானது, ஆனால் கடன்காரன்

இறக்கத்துக்கு மூச்சு அதிகம் வேண்டாம், விசையோ அதிகம் கிடைக்கும். இதய பலவீனம், ஆஸ்துமா, வயது போன்ற காரணங்களால் மூச்சு வாங்குபவருக்குக் கால் வலிமையைக் கூட்ட இதைவிடத் தோதான வழி கிடையாது. 2017-இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில், உடல் பருமனான முதிய பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு படி ஏறி லிஃப்டில் இறங்கியது. மற்றது லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கியது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தொடை வலிமை, ஓய்வு நேர இதயத் துடிப்பு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றிலும் இறங்கிய குழுதான் அதிகம் முன்னேறியிருந்தது. கஷ்டப்பட்டு மூச்சிரைக்க ஏறியவர்களுக்குக் கோபம் வந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர் லிஃப்டில் மேலே போய், படியில் இறங்கி வரலாம். ஒரு நாளைக்கு ஒரு மாடியில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று வீதம் கூட்டுங்கள். கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரத்தில் ஔஷதகிரிப் படிகள் இருக்கின்றன. தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் சந்நிதிக்கு ஏறும் அந்த 70-க்கும் மேற்பட்ட படிகளில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது அவசரப்படாமல், ஒவ்வொரு படியிலும் முன்பாதம் முதலில் பதிந்து பிறகு குதிகால் இறங்கும்படி வந்தால் பயிற்சி நடந்துவிடும். வெயில் ஏறிய பிறகு கல் சுடும், காலையிலேயே போய்விடுங்கள்.

கடற்கரை மணலை இதற்குப் பதிலாக நினைக்கக் கூடாது. காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அது ஏற்றத்தின் குணம், இறக்கத்தின் குணம் கிடையாது. குதிகால் மணலில் புதைவதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் வழக்கத்தைவிட அதிகம் இழுபடும். நாண் வலி உள்ளவர் கடலூர் சில்வர் பீச்சில் அலை நனைத்த கெட்டி மணலில் மட்டும் நடக்கலாம். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் இருக்கும். போன அதே வழியில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சரியாகப் பங்கு போகும்.

நாண் வலிக்கென்றே இறக்கப் பயிற்சி ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்டது. படியின் விளிம்பில் இரண்டு முன்பாதத்தாலும் நின்று, நல்ல காலால் எழும்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்க வேண்டும். வலிக்கும் காலால் எழும்பக் கூடாது. முட்டியை நீட்டி 15 வீதம் 3 சுற்று, முட்டியைச் சற்று மடக்கி 15 வீதம் 3 சுற்று, காலையும் மாலையும். நாளைக்கு 180 முறை, வாரம் ஏழு நாளும், 12 வாரம். கேட்டதும் பலரும் பாதியில் விட்டுவிடுவார்கள், இரண்டு வாரத்தில் பலன் தெரியாது என்பதால். வலி குதிகால் எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே என்றால் படி விளிம்பு வேண்டாம், சமதரையிலேயே செய்ய வேண்டும். குதிகால் தாழும்போது நாண் எலும்பில் நசுங்கி வலியைக் கூட்டிவிடும்.

கபடி, கால்பந்து ஆடுபவர்களுக்குப் பின்தொடை பிடித்துக்கொள்வது வாடிக்கை. முட்டி போட்டு நிற்க, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, இடுப்பு மடங்காமல் உடலை முன்னே மெல்லச் சாய்க்கும் நார்டிக் பயிற்சியைச் சேர்த்த அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம்தான் மூன்று நாள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், இறக்கம் கடன்காரன். செய்யும்போது ஒன்றும் தெரியாது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து கதவைத் தட்டுவான். நீண்டுகொண்டே இழுபடுவதில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுந்து, பிறகு வீங்கி வலிக்கிறது. ஒரு முறை இந்த வலி வந்து போனால் அதே தசை பல வாரம் பாதுகாப்பாக இருக்கும், இரண்டாவது முறை அவ்வளவு வலிக்காது. ஆகவே முதல் தவணை சின்னதாக இருந்தால் போதும்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேர்வு அறிவிப்பு வந்த மறுநாள் பந்தயம் கட்டி 200 பஸ்கி போடுவது வீரம் ஆகாது. மேமாத வெயிலில், தண்ணீர் குடிக்காமல், பழக்கமில்லாத தசையில் அப்படிச் செய்தால் தசை உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். தொடை வீங்கி, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அது சாதாரண உடம்பு வலி கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இளநீர் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அதே பையன்களுக்கு இறக்கம் பெரிய உதவியும் செய்யும். கயிறு ஏற முடியாதவர், ஸ்டூல் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்து, தாடை கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் தொடங்கி, 5 விநாடி எடுத்து இறங்கட்டும். 4 முறை, 3 சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள். ஏற்றத்துக்கு வலு போதாதபோது இறக்கத்துக்கு வலு போதும் என்ற ஹில்லின் கணக்கு இங்கே அப்படியே வேலை செய்கிறது. நான்கைந்து வாரத்தில் முதல் முழு புல்அப் வந்துவிடுவது அபூர்வம் இல்லை. தண்டால் வராதவருக்கும் இதே வழி: மெல்ல இறங்கு, முட்டி ஊன்றி எழு.

சமவேகம்: அளக்க மட்டும்

மெஷின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐசோகைனட்டிக் பயிற்சிதான் இது. 1967-இல் ஹிஸ்லாப், பெரின் இருவரும் எழுதிய கட்டுரையோடு பெயர் பெற்றது. மெஷினில் காலைக் கட்டி உட்கார்ந்தால், நீங்கள் எவ்வளவு வேகமாக உதைத்தாலும் அது விநாடிக்கு 60 பாகை என்றால் 60 பாகைதான் அசையும். நீங்கள் தரும் விசைக்குச் சமமாக அதுவும் எதிர்க்கும். எல்லாக் கோணத்திலும் தசைக்கு முழு வேலை, வலித்தால் விட்டுவிட்டால் போதும், எடை மேலே விழாது. கேட்க அருமை. ஆனால் மெஷினின் விலையும் இடமும் ஒரு மருத்துவமனைக்கே யோசனை தருவது. சாதாரண ஆளுக்கு இதில் பயிற்சி என்ற பேச்சே எழாது.

முட்டித் தசைநார் அறுந்து அறுவை முடிந்தவர் மைதானத்துக்குத் திரும்பலாமா என்று பார்க்கத்தான் இது வேண்டும். அடிபட்ட காலின் முன்தொடை வலிமை மற்ற காலில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். விநாடிக்கு 60 பாகையில் பின்தொடை வலிமை முன்தொடையில் சுமார் 60 சதவீதம் இருந்தால் இயல்பு. ஜிம்மில் ஹைட்ராலிக் மெஷினைக் காட்டி ஐசோகைனட்டிக் என்று சொன்னால் நம்ப வேண்டாம். நீச்சல் குளமும் அப்படித்தான்: தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், வேகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மூட்டுத் தேய்மானக்காரருக்குக் குளம் வேறு காரணத்துக்காக நல்லது, தண்ணீரில் எடை குறைகிறது, இறக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. கடல் இதற்கு மாற்று ஆகாது; நீரோட்டம் இழுக்கும்.

எதைத் தேர்வது

பிரஷர் மட்டும் இருந்தால்: நடை தொடரட்டும், வாரம் மூன்று நாள் சுவரில் உட்காருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் விடாத காலை 7.30-க்குள் நடந்து முடித்து வந்து வீட்டில் 14 நிமிடம். நடந்த களைப்பு அடங்க ஐந்து நிமிடம் விட்டுத் தொடங்குங்கள்.

சுகரும் எடையும் என்றால் ஏற்ற இறக்கப் பயிற்சிதான் முதல் தேர்வு, பிடிப்பு துணைக்கு. பிடிப்பால் எடை குறையும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர் பாக்கெட்டில் சர்க்கரையோ மிட்டாயோ இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முட்டி வலி என்றால் வரிசை மாறக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் துண்டை அழுத்தும் பிடிப்பு. வலி குறைந்ததும் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இருக்கையில் தலையணை போட்டால் உயரம் கிடைக்கும். படியில் இறங்கும் பயிற்சி கடைசி. படி இறங்கும்போது முட்டிச் சில்லில் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் விழுகிறது. தைவான் பெண்களுக்கு நல்லது என்பதற்காக முதல் நாளே திருவந்திபுரம் போக வேண்டாம். வலிக்கு ஒரு எளிய அளவு: பத்துக்கு நான்கு வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அளவு அதிகம், பாதியாக்குங்கள்.

மூச்சு வாங்கும், ஆனால் மூட்டு நன்றாக இருக்கிறது என்பவருக்கு இறக்கம். 70 வயதைக் கடந்து நடை தளர்ந்தவருக்கு மூன்று விநாடியில் உட்காரும் நாற்காலிப் பயிற்சி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் அல்லது மேசை. விளையாட்டு வீரருக்கு மூன்றும் வேண்டும், சீசனுக்கு முன்னால் இறக்கம், சீசன் நடக்கும்போது அதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துப் பிடிப்பைக் கூட்ட வேண்டும். பிடிப்பில் மறுநாள் வலி குறைவு என்பது ஆட்டக்காரருக்குப் பெரிய லாபம்.

எதைத் தேர்ந்தாலும் முதல் நாளே இரண்டு எண்களை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்: ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, காபிக்கு முன் எடுத்த ரத்த அழுத்தம், 30 விநாடி நாற்காலிக் கணக்கு. எட்டு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே நாற்காலியில் மீண்டும் பாருங்கள். அழுத்தம் அசையவில்லை என்றால் சுவரில் உட்காரும் உயரம் அதிகமாக இருந்திருக்கும், அல்லது மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கியிருக்கும். நாற்காலிக் கணக்கு கூடவில்லை என்றால் தலையணையை எடுத்துவிட்டு, உட்காரும் நேரத்தை ஐந்து விநாடியாக்கி இன்னும் ஆறு வாரம் பாருங்கள்.